ஜன்னலில் நின்றவர்

அன்று மாலை எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் என் அண்ணன், அண்ணனுடைய மருமகள், வெளியூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள், எதிர்வீட்டுத் தையல்காரர், பிறகு நான். வேறு யாரும் இல்லை. கடைத்தெருவில் நின்று கண்ணால் பார்த்ததுபோல் விவரம் சொல்கிற கறிக்கடைக்காரர் அங்கே இல்லை. தபால்காரர் மனைவி இல்லவே இல்லை. அந்த அம்மாள் எங்கள் வாசற்படியை மிதித்து வருடக்கணக்காகிறது.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் அதை எங்கள் குடும்பத்தில் ஒருவன்தான் சொல்ல வேண்டும். அதனால் சொல்கிறேன்.

எங்களுடையது ரொட்டிக் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செங்கல் அடுப்பு தாத்தா கட்டியது. அதில் எரிந்த விறகைக் கொண்டு இன்னொரு ஊரே கட்டலாம். அண்ணன் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார், நான் முன்கடையைப் பார்த்துக்கொண்டேன். அவர் உடம்பெல்லாம் மாவு, என் சட்டையில் கஞ்சி. இருவரும் வெள்ளையாகத்தான் இருந்தோம். ஆனால் ஊர் வணக்கம் சொன்னது எனக்கு. ரொட்டியைத் தின்றுவிட்டு நினைத்துக்கொண்டது அவரை.

அண்ணி போன பிறகு அண்ணனுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். மகன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் 'யாரு, மாவு மூட்டை கொண்டு வந்தவரா?' என்று கேட்பார். மருமகளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவளும் அலுத்துக்கொள்ள மாட்டாள்.

"அம்மா, நான் சாப்பிட்டேனா?"

"சாப்பிட்டீங்க மாமா."

"நல்லா இருந்துதா?"

"தட்டை வழிச்சு நக்கினீங்க."

"அப்ப இன்னொரு தடவை சாப்பிடலாமே."

இருவரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. பெரியவர் ஒருவர் இப்படி ஆகிவிட்டதைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

போன வருடத்து விழாவில் ஊரே சிரித்தது. இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு விழா நடக்கும். சதுக்கத்தில் நீளநீளமாக மேசை போட்டு, ஒவ்வொரு வீடும் தன் சமையலைக் கொண்டுவந்து வைக்கும். பழைய தொழில் குடும்பங்கள் வண்டிகளில் ஊர்வலம் போகும். போன வருடம் அண்ணன் நேராக ஊர்த் தலைவர் மேசைக்குப் போய், அவர் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து, பிட்டு, முகர்ந்து பார்த்து, "இதை எவன் சுட்டான்? நாய்கூட முகராது" என்று சொல்லி மேசைக்கு அடியில் போட்டுவிட்டார். அது எங்கள் கடை ரொட்டி. அதோடு முடிந்திருந்தால் வேடிக்கை என்று விட்டிருப்பார்கள். திரும்பி நடந்தபோது அவருடைய காற்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. நான் கோட்டைக் கழற்றிச் சுற்றிக் கட்டி அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன். வழி நெடுக என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கிற வியாதி எனக்கு இல்லை.

இந்த வருடம் விழாவுக்கு அண்ணன் மகள் வருவதாகச் சொன்னாள். பட்டணத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். தொலைபேசியில் என்னிடம் நேராகவே சொன்னாள்: "சித்தப்பா, அப்பாவை அங்க ஒழுங்கா பாத்துக்கறாங்களான்னு என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா இங்க ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன். கையோட கூட்டிக்கிட்டு வந்துடுவேன்."

இதை மருமகளிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அங்க அவர் யாரை அம்மான்னு கூப்பிடுவாரு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மறுபடி தேய்த்தாள், ஏற்கெனவே தேய்த்து வைத்த அதே பாத்திரத்தை.

அவள் வாயால் பதில் சொல்கிறவள் இல்லை. அடுப்பை மூட்டினாள். போன வருடத்து விழாவுக்குப் பிறகு அணைந்து கிடந்த அடுப்பு. விழாவில் கடை போடுவேன், மாமாவை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வேன், நாத்தனார் வந்து பார்க்கட்டும் என்றாள். அண்ணனுடைய பழைய வெள்ளை மேலங்கியைத் தேடி எடுத்து, துவைத்து, பெட்டி போட்டு மடித்து வைத்தாள்.

விழா நாள் காலையில் அந்த அங்கியை அவருக்கு மாட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சின்ன மாமா, மாமாவை இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிடறேன். கடைக்குப் பின்னால நாற்காலி போட்டிருக்கேன்."

"நீ முன்னால போம்மா. சூட்டோட ரொட்டி போய்ச் சேரணும். அண்ணனை நான் கூட்டிக்கிட்டு வரேன்."

"மறக்காம வந்துடுங்க. அவர் காலையிலேருந்து கிளம்பி உட்கார்ந்திருக்காரு."

"எனக்கென்ன மறதி?" என்றேன்.

அவள் போன பிறகு மாடிக்குப் போனேன். அண்ணன் கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அங்கி இன்னும் அவருக்குச் சரியாக இருந்தது.

"கிளம்பலாமா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க, வரேன்" என்றேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டினேன்.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் ஒருமுறை விடிகிற நேரத்தில் இறங்கிப் போய், ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் மகன் போட்ட பூட்டு அது. மருமகளிடம் ஒரு சாவி, என்னிடம் ஒரு சாவி. அவள் தன் சாவியை ஒருநாள்கூட உபயோகிக்கவில்லை. அவர் அறை வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். அவளைத் தாண்டாமல் அவர் வெளியே போக முடியாது. பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தது நான்தான். சாவியைத் திருப்பியபோது சத்தமே வரவில்லை.

கடைக்குத் தனியாகத்தான் போனேன். மருமகள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மாமா எங்கே?"

"கொஞ்சம் அசதியா இருக்காரு. தையல்காரர் வந்து கூட உட்கார்ந்திருக்காரு. சாயங்காலம் கூட்டிக்கிட்டு வரலாம்."

"சாப்பாடு?"

"எல்லாம் கொடுத்தாச்சு."

எதுவும் கொடுக்கவில்லை. அது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மறுபடி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஊர்வலத்துக்கு வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் தெளியவில்லை. அதற்குள் ரொட்டிக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

எங்கள் ஊர்வலத்தில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு தொழில் வண்டியிலும் அந்தக் குடும்பத்தின் மூத்தவர் தன் கருவியோடு நிற்பார். கொல்லர் சுத்தியலோடு, தச்சர் இழைப்புளியோடு. இறங்கி வர முடியாத முதியவர்களும் நோயாளிகளும் அவரவர் வீட்டு ஜன்னலில் நின்று, வண்டி போகும்போது கண்ணாடியைத் தட்டுவார்கள். 'நானும் இருக்கிறேன்' என்று அர்த்தம். வண்டியில் நிற்பவர் கருவியை உயர்த்திக் காட்ட வேண்டும். 'பார்த்துவிட்டேன்' என்று அர்த்தம்.

ரொட்டி வண்டியில் எப்போதும் நின்றவர் அண்ணன். அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளி எடுக்கிற நீளக்கைப் பலகை, அவர் உயரத்தைவிட நீளம், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த வருடம் நான் ஏறினேன். பலகையின் கைப்பிடி அவர் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. என் கை அந்தத் தேய்வில் சரியாகப் பொருந்தவில்லை.

ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? வாழ்நாள் முழுவதும் முன்கடையில் நின்றவனை ஊர் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தது. வானம் கழுவி வைத்தது போல இருந்தது. சாலை இரண்டு பக்கமும் மரங்கள் பழுத்து, காற்று வீசும்போதெல்லாம் இலைகள் வண்டிக்குள் விழுந்தன. முன்னால் வாத்தியக்காரர்கள். யாரோ என் கோட்டில் காகிதப் பூ ஒன்றைக் குத்திவிட்டார்கள். "ரொட்டிக்கார ஐயா, நிமிர்ந்து நில்லுங்க!" என்று கூப்பிட்டார்கள். "இதுக்கு மேல நிமிர்ந்தா மல்லாந்துதான் விழுவாரு" என்று கொல்லர் அவர் வண்டியிலிருந்து கத்தினார். நானும் சிரித்தேன். என்னை யாரும் கேலி செய்து நான் சிரித்தது எத்தனையோ காலத்துக்கு முன்னால்.

வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. ஒரு பக்கம் தையல்காரர் வீடு. கால் விழுந்துவிட்டதால் அவர் ஊர்வலத்துக்கு வருவதில்லை. ஜன்னலில் நின்று கத்தரிக்கோலின் பிடியால் கண்ணாடியைத் தட்டினார். பலகையை உயர்த்தினேன்.

"அங்க பாருங்க, உங்க அண்ணன்!" என்று யாரோ கத்தினார்கள்.

எங்கள் வீட்டு மாடி ஜன்னலில், வெள்ளை அங்கியோடு, அண்ணன் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தார்.

தெருவே ஆரவாரம் செய்தது. போன வருடம் சிரித்தவர்கள்தான், இப்போது கை தட்டினார்கள். "பெரியவர் விழாவை மறக்கலே பாருங்க!" என்றார்கள். வாத்தியக்காரர்கள் அவர் அடிக்கிற தாளத்தையே பிடித்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார்கள். அவர் வேகமாக அடித்தால் இவர்களும் வேகமாக அடித்தார்கள். அவருடைய வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்பது கீழே கேட்கவில்லை.

நான் பலகையை உயர்த்தினேன். நன்றாக உயர்த்தினேன். சிரித்துக்கொண்டே.

ஊர் வழக்கப்படிதான் தட்டுகிறார் என்று மற்றவர்கள் நினைத்ததில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பலகையைத் தூக்கும்போது அது நெஞ்சில் இடித்தது.

வண்டி தெருவைத் தாண்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சதுக்கத்தில் எனக்குத் தலைவர் மேசையிலேயே இடம் போட்டிருந்தார்கள். பூசணி சூப் கொடுத்தார்கள். சுட்ட சோளம், தேனில் ஊறிய பழங்கள், ஏதேதோ. குளிருக்குச் சூப் இதமாக இருந்தது. அண்ணனைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். "ஜன்னல்ல என்னமா தட்டினாரு!" என்றார் தலைவர். "எங்க குடும்பத்து ரத்தம்" என்றேன். அப்படிச் சொன்ன வாய் இது.

மருமகள் மாவு ஒட்டிய கையோடு மேசைகளுக்கு நடுவே ஓடுவதைப் பார்த்தேன். ரொட்டி தீர்ந்துபோயிருக்கும், எடுத்து வர ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊர்வலம் போன பிறகும் அண்ணன் அடிப்பதை நிறுத்தவில்லை. ஊர் முழுக்கச் சதுக்கத்தில் இருந்தது. தையல்காரர் மட்டும் எதிர் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவரும் கத்தரிக்கோலால் பதில் தட்டிக்கொண்டிருந்தாராம். கண்ணாடி உடைந்து, வெள்ளை அங்கியில் சிவப்பாகப் பட்டபோதுதான் அவருக்குப் புரிந்தது. விழுந்த காலை இழுத்துக்கொண்டு சதுக்கம் வரை போய் மருமகளிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஓடி வந்து, அதுவரை உபயோகிக்காத தன் சாவியால் கதவைத் திறந்தாள். பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்த அண்ணன் மகள் பார்த்தது அதைத்தான்: கையில் ரத்தத்தோடு அப்பா, கையில் சாவியோடு அண்ணி.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாரும் சமையலறையில் இருந்தார்கள். என் கோட்டில் காகிதப் பூ அப்படியே இருந்தது. அண்ணன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் கட்டுப் போட்டிருந்தது. வெட்டு ஆழமில்லை. மருமகள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவசர அவசரமாக விழுங்கினார்.

அண்ணன் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க சித்தப்பா. உங்க வீட்டு லட்சணத்தைப் பாருங்க. அப்பாவைப் பட்டினி போட்டுப் பூட்டி வச்சுட்டு இவங்க ரொட்டி விக்கப் போயிருக்காங்க."

"நான் பூட்டலே" என்றாள் மருமகள். குரலை உயர்த்தவில்லை.

"பூட்டாம கதவு தானா பூட்டிக்குமா அண்ணி? சாவி உங்க கையிலதானே இருந்துது?"

"தையல்காரர் கூட இருக்காருன்னு..." என்று தொடங்கி மருமகள் நிறுத்தினாள்.

"யாரு, நானா?" என்றார் தையல்காரர். "நான் எங்கேம்மா இருந்தேன்? என் வீட்டுல இல்ல இருந்தேன்." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்கத் துணியில் கோடு பார்த்து வெட்டினவர். பார்த்த பார்வையிலேயே அளவு எடுத்துவிட்டார்.

மருமகளும் என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் எனக்காகக் காத்திருந்தாள். பெரியவர் பேசட்டும் என்று.

அப்போது அண்ணன் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என் பலகையை எவனோ தூக்கிக்கிட்டுப் போனான்" என்றார்.

"யாருப்பா?" என்றாள் மகள்.

"தெரியலே. வண்டியில நின்னான். கோட்டுல பூ வச்சிருந்தான். கதவைத் திறங்கன்னு தட்டினேன், தட்டினேன். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான்."

"கனவு கண்டிருக்கீங்க" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் பூவைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். விரல் சாவியில் பட்டது. "அவ சொல்றதைக் கேளும்மா" என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "வீட்டு விஷயத்தை இரைஞ்சு பேசாதீங்க. தெருவில ஆள் போறாங்க."

மருமகள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கரண்டியை எடுத்தாள்.

அண்ணன் மகள் அன்றைக்கே அவருடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். மருமகள் தடுக்கவில்லை. எந்தச் சட்டையை உள்பக்கமாகப் போட்டுக்கொள்வார், எந்தக் காலுறை உறுத்தும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அவளும் மடித்துக் கொடுத்தாள்.

காலையில் கார் வந்தது. அண்ணன் தொப்பி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "விழாவுக்குப் போறோமா?" என்று கேட்டார். மருமகள் குனிந்து அவர் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீயும் வர்றேதானே?" என்றார்.

அவள் வாரை மாட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

நான் சாவியை எடுத்து அண்ணன் மகள் கையில் வைத்தேன்.

"நான்தான் பூட்டினேன். இவ கூட்டிக்கிட்டுப் போறேன்னுதான் சொன்னா. நான் வேண்டாம்னுட்டு, இவகிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்கு சித்தப்பா?"

"போன வருஷம் ஊர் சிரிச்சது."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

"நேத்து ராத்திரி முழுக்க இவங்க அழுதாங்களே. பக்கத்து அறையிலதானே இருந்தீங்க? கேக்கலையா?"

கேட்டது.

அண்ணன் மகள் காரிலிருந்து பெட்டியை இறக்கினாள். "அண்ணி" என்று சொல்லி மருமகளின் தோளைப் பிடித்தாள். அண்ணனுக்கு மட்டும் வருத்தம். "விழாவுக்குப் போகலையா அப்ப?" என்றார். புறப்படும்போது மகள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் போனதில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டேன். மருமகள் தலையாட்டினாள். தையல்காரர், "என் வாய் தைச்ச வாய்" என்றார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்க, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். ஊர் மூடவில்லை. உடைந்த கண்ணாடியை எல்லாரும் பார்த்தார்கள். மருமகள் இப்போது வாரத்தில் சில நாள் அடுப்பு மூட்டி ரொட்டி சுடுகிறாள். அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் 'இதை எவன் சுட்டான்?' என்று கேட்கிறார். ஆனால் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வந்தவர்களும் அவள் கையைத் தொடாமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். என்னைப் பார்த்தால் மட்டும் முன்னைவிட மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள். அந்த வணக்கத்தை இத்தனை நாள் வாங்கிக்கொண்டேன்.

ஊரில் சொல்வது இரண்டு. ஒன்று, அண்ணன் ஆபத்தில் இருப்பதைப் பார்த்ததும் நான் வண்டியிலிருந்து குதித்து ஓடிப் போய்க் காப்பாற்றினேன் என்பது. நான் குதிக்கவில்லை. சதுக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, மருமகள் மாமனாரை அறையில் பூட்டி வைத்துவிட்டு விழாவுக்குப் போனாள் என்பது. அது தவறு. பூட்டியவன் நான். அவள் திறந்தவள்.